வாசகர் கேள்வி – பதில்: கூரை, குளிர்ச்சி, மின்சாரம்

கேள்வி: நாங்கள் குடியிருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. தளத்துக்கு வெள்ளை அடித்தால் வீடு குளிரும் என்று பெயின்ட் கடையில் சொல்கிறார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா, அல்லது வெறும் விற்பனைப் பேச்சா?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினரும் இந்திய ஆய்வாளர்களும் ஹைதராபாத்தின் வணிகக் கட்டடங்களில் அளந்து பார்த்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். கருப்பாக இருந்த மேல்தளத்தை வெள்ளையாக்கியபோது குளிரூட்டலுக்கான மின்செலவு 14 முதல் 26 சதவீதம் வரை குறைந்தது. பூச்சு எதுவும் இல்லாத கான்கிரீட் தளமாக இருந்தால் 10 முதல் 19 சதவீதம் வரை மிச்சப்படும் என்று மதிப்பிட்டனர். இவை ஏசி ஓடும் கட்டடங்களின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஏசி இல்லாத வீட்டில் மிச்சமாவது மின்கட்டணம் அல்ல, இரவுத் தூக்கம்.

ஏனெனில், பகல் முழுவதும் வெயிலை வாங்கும் கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே இறக்குவதில்லை. மெல்ல மெல்லக் கடத்தி, வெளியே காற்று தணிந்த பிறகும் இரவு வெகுநேரம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறியும் அந்தச் சூட்டைத்தான் சுழற்றிக் கொடுக்கிறது. வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதோடு, ஏறிய சூட்டையும் வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக வெளிவிடுகிறது. இந்த இரண்டாவது குணம் இல்லாததால்தான் பளபளக்கும் தகரக் கூரை, ஒளியை நன்றாகவே திருப்பினாலும், கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது.

கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடியவை சில உண்டு. தூசும் பாசியும் படிந்தால் பலன் குறையும். ஆகவே கோடை தொடங்குமுன் தளத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தளத்தில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பலன் பெரும்பாலும் மேல் தள வீட்டுக்கே. கீழ்வீட்டுக்காரரிடம் செலவில் பங்கு கேட்பது நியாயமாகாது!

கேள்வி: வீட்டுக்கு வீடு ஏசி மாட்டுவதற்குப் பதிலாக, ஊருக்கே ஒரு குளிரூட்டும் நிலையம் அமைக்க முடியாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊருக்கே என்பது கடினம், ஒரு வட்டாரத்துக்கு என்றால் முடியும். சிங்கப்பூரின் மரினா பே பகுதியில் 2006 முதல் நிலத்தடி நிலையம் ஒன்று குளிர்ந்த நீரைக் குழாய் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்புகிறது. டொரன்டோவில் 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் குளிர்ந்த நீரே அந்த வேலையைச் செய்கிறது. குஜராத்தில் நிதி நிறுவனங்களுக்காக எழுப்பப்பட்ட கிஃப்ட் சிட்டி என்ற நகரிலும் இத்தகைய அமைப்பு உண்டு. அலுவலகத்தின் உச்சத் தேவை பகலிலும் குடியிருப்பின் உச்சத் தேவை இரவிலும் வருவதால், தனித்தனியாக வைப்பதைவிடச் சிறிய இயந்திரத் தொகுப்பே அனைவருக்கும் போதும். ஆனால் குழாய் பதிக்கும் செலவு பெரிது. நெருக்கமாகப் புதிதாக எழும்பும் அலுவலக வளாகங்களுக்கு இது பொருந்தும். பரந்து கிடக்கும் தனி வீடுகளுக்கு என் கணிப்பில் கட்டுப்படியாகாது. நிலையம் அமைக்கும் வளாகத்திலும், கூரையிலும் சுவரிலும் வெயில் ஏறாதபடி முதலில் கவனித்துவிட்டு நிலையத்தின் அளவைத் தீர்மானிப்பதே முறை. இல்லாவிட்டால் வெயிலுக்கும் சேர்த்து இயந்திரம் வாங்கியதாகிவிடும்.

கேள்வி: ஏசியை 24 டிகிரியில் வைக்கச் சொல்வது ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மின்விசிறியையும் சேர்த்து ஓடவிட்டால் 26கூடப் பலருக்குப் போதுமானதாக இருக்கும்.