வரியை முழுங்காதீர்கள்!

கேள்வி: எனக்கு 36 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. கவிதைப் புத்தகங்கள் வாங்கிப் படிக்கிறேன், பிடிக்கவும் செய்கிறது. ஆனால் ‘ஓசை நயம்’ என்கிறார்களே, அது என் காதில் விழவே மாட்டேன் என்கிறது. உரைநடையை மடக்கிப் போட்டது போலத்தான் தெரிகிறது. பேச்சுத் துணைக்கும் ஊரில் ஆள் இல்லை. வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகி, தர்மபுரி

பதில்: கோபிக்காமல் சொல்லுங்கள், வாய்விட்டுப் படிக்கிறீர்களா?

நானும் வெகுநாள் கண்ணாலேயே படித்தவன்தான். பார்வை மங்கிப்போன பெரியப்பாவுக்கு ஒருநாள் படித்துக் காட்டினேன். நாலாவது வரியில் நிறுத்தி, “வரியை முழுங்காதேடா, மென்னு படி” என்றார். அதுவரை நான் படித்ததெல்லாம் முழுங்கியதுதான்.

குறளில் தொடங்குங்கள். “கற்க கசடறக் கற்பவை” மனப்பாடமாகத் தெரியுமே? மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். குறளை அச்சில் இடைவெளி விட்டுப் பிரித்திருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர். ஏழு சீரில் ஐந்தில் ‘ற்’ வந்து இடிக்கும். நாக்கு நின்று நின்றுதான் போகும். கையோடு “குழலினிது யாழினிது” சொல்லுங்கள். குழல், யாழ், மழலை என்று மூன்று ‘ழ’. நாக்கு வளைந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டும் ஒரே குறள் வெண்பாதான், நடை எவ்வளவு வேறு!

இந்த இரண்டாவது குறளின் முடிவை “கேளா தவர்” என்று பிரித்து அச்சிட்டிருப்பார்கள். அது சீர்க் கணக்கு. பொருளுக்கு ‘கேளாதவர்’ ஒரே சொல். ஒருமுறை சீருக்காக நிறுத்தியும் ஒருமுறை பொருளுக்காகச் சேர்த்தும் படியுங்கள். ஒன்றை ஒன்று இழுப்பது கேட்கிறதா? நீங்கள் தேடும் ஓசை அங்கேதான் இருக்கிறது. நேர், நிரை என்கிற அசைக் கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கவிதையில் வரி முறியும் இடத்தில் நிஜமாகவே மூச்சு விட்டுப் படியுங்கள். அப்படியும் முறித்தது வீண் என்று பட்டால், அது உங்கள் காதின் குற்றமில்லை. சில கவிதைகள் உண்மையிலேயே மடக்கிப் போட்ட உரைநடைதான்!

மார்கழி வந்தால் பக்கத்துப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். திருப்பாவை 30 பாட்டு, பாட்டுக்கு 8 அடி, எல்லாம் ‘எம்பாவாய்’ என்றுதான் முடியும். பக்தி இருக்கிறதோ இல்லையோ, ஒரே அச்சில் 30 பாட்டைக் கேட்டுவிட்டு வரும் காது பழைய காதாக இருக்காது.

சரி, துணை. கவியரங்கத்தில் தேடாதீர்கள். அங்கே எல்லாரும் தன் முறைக்குக் காத்திருக்கிறவர்கள். கைதட்டல் வரும்வரை ஒரே வரியை இரண்டு தடவை சொல்வார்கள். மாவட்ட மைய நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். கவிதை அலமாரிப் பக்கம் அடிக்கடி வருவது யார் என்றும் அவருக்குத் தெரியும். கூட்டத்துக்குப் போனால் மேடையை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பாருங்கள். நோட்டில் வரியை எழுதிக்கொள்கிறவர் யாராவது இருப்பார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்றால் இன்னும் நல்லது.

அவரிடம் கவிதையைப் பற்றிப் பேசாதீர்கள், கவிதையைக் கொடுங்கள். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். ஒன்றைப் படித்து வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பி, அவர் குரலில் ஒன்று கேளுங்கள். பதிலுக்கு வெறும் கைகூப்பும் பொம்மைதான் வருகிறது என்றால், இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைப் பிடியுங்கள்.