ஓரியண்டீரிங் மேப்: கோப்பு, விகிதம், பிரிண்ட் – சேலம் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மேப்பும் காம்பஸும் வைத்து, கண்ட்ரோல் எனும் குறியிடங்களைத் தேடி ஓடும் ஓரியண்டீரிங் விளையாட்டு இப்போது ஏற்காட்டுப் பள்ளிகளிலும் சேலம் கல்லூரிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசப்படுகிறது. கோர்ஸ், அதாவது கண்ட்ரோல்களை வரிசையாக இணைக்கும் ஓட்டப் பாதை, போட இலவசமாகக் கிடைக்கும் பர்ப்பிள் பென், மேப் வரைய ஓபன் ஓரியண்டீரிங் மேப்பர், இந்த இரண்டையும் ஒட்டித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஏற்காடு, உடற்கல்வி ஆசிரியர்): பர்ப்பிள் பென்னில் புது நிகழ்வு தொடங்கினால் மேப் விகிதம் என்று ஒன்று, பிரிண்ட் விகிதம் என்று இன்னொன்று கேட்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை சார். மேப் விகிதம் கோப்புக்குச் சொந்தம். வரைந்தவர் எந்த விகிதத்தில் வரைந்தாரோ அதுதான். அதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. ஓகேட் (மேப் வரையும் இன்னொரு மென்பொருள்) கோப்பு என்றால் பர்ப்பிள் பென்னே படித்துக்கொள்ளும். பிடிஎஃப், படம் என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரிண்ட் விகிதம் உங்கள் முடிவு.

காட்டு மேப்புக்கான சர்வதேச விதி ஐசாம், 1:15,000-இல் வரையச் சொல்கிறது. அதை 1:10,000-இல் பிரிண்ட் எடுத்தால் குறியீடுகள் உட்பட எல்லாமே ஒன்றரை மடங்கு பெரிதாகும். விதியும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது, அதனால் கோடு தடித்துவிட்டதே என்று பதற வேண்டாம்.

பிரிண்ட் விகிதத்தை எத்தனை முறை மாற்றினாலும் கோர்ஸின் நீளம் மாறாது. மேப் விகிதம் தப்பினால்தான் வில்லங்கம். 1:15,000-இல் வரைந்த பிடிஎஃப்புக்கு 1:10,000 என்று கொடுத்துவிட்டால், உண்மையில் 3 கி.மீ. உள்ள கோர்ஸைத் திரை 2 கி.மீ. என்று காட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அதை நம்பி சேர்வராயன் மலை ஏற்றத்தில் அனுப்பினால், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப மாட்டார்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): அண்ணா, நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்த மேப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 1:10,000 என்றுதான் கொடுத்தேன். ஆனால் 500 மீட்டர் தூரத்தை ஒன்றரைக் கிலோமீட்டர் என்று காட்டுகிறது. எங்கே கோளாறு?

டிபிஐ-யில். படக் கோப்புக்கு விகிதம் மட்டும் போதாது, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதும் தெரிய வேண்டும். 300-இல் ஸ்கேன் செய்ததை மென்பொருள் 96 என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் 3.125 மடங்கு வீங்கும். 500 மீட்டர் 1,560 மீட்டர் ஆகிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அச்சு அசல் இதுதான்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. படமாக அனுப்பினால் அது புள்ளிகளையே குறைத்துவிடும். அப்புறம் 300 என்று கொடுத்தாலும் பொருந்தாது. அதனால் நண்பரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் கிடைக்காவிட்டால் கணக்குப் போட்டு மீட்கலாம். மேப்பில் தெளிவாகத் தெரியும் இரண்டு சாலைச் சந்திப்புகளை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தில் நேர்கோட்டுத் தூரத்தை அளந்து பாருங்கள். 500 மீட்டர் என்றால் 1:10,000-இல் அது 50 மி.மீ. இனி ஏதாவது ஒரு பட மென்பொருளில் அதே இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள். 590 என்று வந்தால், 590-ஐ 25.4-ஆல் பெருக்கி 50-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 300, அதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய டிபிஐ. சந்திப்புகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மேலிருந்து பார்த்தால் அடுத்தடுத்த வளைவுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி (கருப்பூர், கல்லூரி மாணவி): வீட்டு லேப்டாப்பில் திறக்கிறது. பென் டிரைவில் கொண்டுபோய் வேறு கணினியில் திறந்தால் மேப் கோப்பைக் காணோம் என்கிறது.

பர்ப்பிள் பென் கோப்புக்குள் கோர்ஸ் மட்டும்தான் இருக்கும், மேப் இருக்காது. மேப் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் அது வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரோடு நகலெடுங்கள். வெறும் பிரிண்ட்டுக்கு என்றால் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், கடைக்காரரின் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

கேள்வி (சூரமங்கலம்): ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்ட்டின் விகிதம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள ஸ்கேல் போதும். பிடிஎஃப் ஆக்கும் முன் மேப்பின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு இருக்குமாறு பாருங்கள். பிரிண்ட் வந்ததும் அளந்து பாருங்கள். 97 வந்தால் கடைக்காரர் ‘ஃபிட்’ என்ற தேர்வில் விட்டிருக்கிறார், உங்கள் 1:10,000 இப்போது 1:10,300. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளி அளவிலான ஓட்டத்துக்கு இந்த 3 சதவீதம் பெரிய பாவமில்லை என்பதே என் எண்ணம். ஏ3-க்குச் செய்த பிடிஎஃப்பை ஏ4-இல் அடைப்பதுதான் கொடுமை. 71 சதவீதமாகச் சுருங்கி 1:14,000-ஐத் தாண்டிவிடும், ஓரத்தில் மட்டும் 1:10,000 என்றே எழுதியிருக்கும்! அந்த எழுத்தை நம்பி அடி எண்ணி நடப்பவன் ஒவ்வொரு கண்ட்ரோலையும் தாண்டிப் போக மாட்டான், முன்னாலேயே நின்று தேடுவான்.

காசை மிச்சம் பிடிக்கக் கறுப்பு வெள்ளையில் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். பழுப்பு நிறச் சம உயரக் கோடும் ஊதா நிறக் கோர்ஸ் கோடும் ஒரே சாம்பலாகிவிடும்.

கேள்வி (ஓமலூர்): கையில் இருக்கும் 1:15,000 காட்டு மேப்பைப் பெரிதாக்கிக் கல்லூரி வளாகத்தில் ஸ்பிரிண்ட் எனும் குறுந்தூர ஓரியண்டீரிங் நடத்தலாமா?

1:4,000-க்குப் பெரிதாக்கினால் 3.75 மடங்கு. கோடெல்லாம் கயிறு போலத் தடிக்கும், புதிதாக ஒரு விவரமும் முளைக்காது. ஸ்பிரிண்ட்டுக்கு ஐஎஸ்ஸ்பிராம் என்று தனி விதியே உண்டு: 1:4,000 விகிதம், தாண்டக் கூடாத சுவருக்குத் தடித்த கறுப்புக் கோடு, 6 மி.மீ. விட்டத்தில் கண்ட்ரோல் வட்டம். காட்டு மேப்பில் வட்டம் 1:15,000-க்கு 5 மி.மீ. தான். பர்ப்பிள் பென்னில் கோர்ஸின் தோற்றம் மாற்றும் இடத்தில் எந்த விதி என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த அளவுகளை அதுவே பார்த்துக்கொள்ளும். வளாகத்தைப் புதிதாக வரையுங்கள். 1:4,000-இல் ஓர் ஏ4 தாள் 840 மீட்டருக்கு 1,188 மீட்டர் பரப்பைக் கொள்ளும், பெரும்பாலான கல்லூரிகள் அதற்குள் அடங்கிவிடும்.

கேள்வி (ஏற்காடு, காபி தோட்டக்காரர்): எங்கள் தோட்டத்தை மேப்பரில் நானே வரையப் பார்க்கிறேன். யுடிஎம் மண்டலம் 43 என்று ஒருவர், 44 என்று ஒருவர். வடக்குக் கோடும் காம்பஸோடு சேரவில்லை.

உங்களுக்கு 44 தான். யுடிஎம் என்பது உலகை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்துக் கட்டம் போடும் முறை; மண்டலம் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் மாறுகிறது. சேலம், ஏற்காடு இரண்டும் 78.1, 78.2 என்று கோட்டுக்குச் சற்றே கிழக்கில் இருப்பதால் 44. மேட்டூர் மேற்கே தள்ளி 77.8-இல் இருப்பதால் 43. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் வருவதால் இரண்டு பேருமே தங்கள் ஊருக்குச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. 44-இன் நடுக்கோடு 81 டிகிரியில் இருக்கிறது. நாம் அதிலிருந்து ஏறக்குறைய மூன்று டிகிரி மேற்கே இருப்பதால், கட்டக் கோட்டின் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் 10 மீட்டர் விலகல். அதற்கு மேல் காம்பஸ் காட்டும் காந்த வடக்கின் விலகல் வேறு. நம் பக்கம் அது சின்னதுதான், ஆனால் ஓரியண்டீரிங் மேப்பின் வடக்குக் கோடு காந்த வடக்கையே காட்ட வேண்டும். மேப்பரின் புவிக்குறிப்பு அமைப்பில் மண்டலத்தையும் அன்றைய காந்த விலகலையும் கொடுத்தால் மிச்சத்தை அதுவே கணக்கிடும். வரையத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். பாதி வரைந்தபின் திருப்பினால் பின்னணிப் படங்களை எல்லாம் மறுபடி பொருத்த நேரும்.

சம உயரக் கோடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை வைத்து 5 மீட்டர் இடைவெளியில் கோடு போடச் சொன்னால் மென்பொருள் மறுக்காமல் போட்டுத் தரும், ஆனால் நம்பாதீர்கள். அது மரத்தின் தலையையும் தரையோடு சேர்த்து எண்ணுகிறது. சில்வர் ஓக் நெடுநெடுவென்று நிற்கும் இடத்தில் இல்லாத மேடு வரும், மரம் வெட்டிய இடத்தில் இல்லாத பள்ளம் வரும். பெரிய வடிவத்துக்கு அதை வைத்துக்கொண்டு, ஓடை மடிப்புகளையும் மொட்டைப் பாறைகளையும் நடந்து பார்த்துத் திருத்துங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): பெரியவர்களுக்கு 1:10,000 கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு மட்டும் பெரிதாக்க முடியுமா?

முடியும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனிப் பிரிண்ட் விகிதம் கொடுக்கலாம். 1:7,500 கொடுங்கள், மூத்தவர்களுக்கு அப்படித் தருவது பல நாடுகளில் வழக்கம்தான். ஏ4-இல் ஏறக்குறைய 1.5 கி.மீ.க்கு 2.2 கி.மீ. தான் வரும் என்பதால் கோர்ஸையும் அதற்கேற்பச் சுருக்குங்கள், அச்சுப் பரப்பையும் மறுபடி அமையுங்கள். விகிதத்தை மேப்பின் மேல் பெரிதாக எழுதுங்கள், இரண்டு விகிதங்கள் ஒரே நாளில் புழங்கினால் தாள் மாறிப்போகும்.

கேள்வி (நாகலூர்): கண்ட்ரோல் வட்டம் பாறையை மறைக்கிறது. மழை வந்தால் மை வேறு கரைகிறது.

ஊதா நிறம் கீழே உள்ளவற்றோடு கலக்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இயக்குங்கள். கறுப்பும் பழுப்பும் ஊடே தெரியும். அப்படியும் பாறை புலப்படாவிட்டால் வட்டத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம். மைக்கு, லேசர் பிரிண்ட் எடுங்கள், இங்க்ஜெட் ஏற்காட்டுப் பனிக்கே கசியும். மேலே ஜிப் கவர் போதும். லேமினேஷன் வெயிலில் கண்ணைக் கூச வைக்கும், மடிக்கவும் வராது. மொத்தமாக எடுக்கும் முன் ஒரே ஒரு தாளை எடுத்து, தோட்டத்து நிழலில் நின்று, பச்சைக்கு மேல் ஓடும் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கடையின் டியூப் லைட்டில் எல்லாமே தெரியும்.