40 ஜிபி ஃபைலுக்கு 25,000 ரூபாய் பிளான் தேவையா?

கேள்வி: திருப்பூரில் ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தரும் சிறு அலுவலகம் வைத்திருக்கிறேன். எக்செல், பிடிஎஃப், டேலி (கணக்கு மென்பொருள்) பேக்கப் எல்லாம் சேர்த்து 40 ஜிபி வரும். போன மாதம் உதவியாளர் ஒரு பார்ட்டியின் கொள்முதல் ஷீட் மேலேயே வேறொன்றை சேவ் செய்துவிட்டார், பழையது கிடைக்கவில்லை. 25,000 ரூபாய் ஒரே தடவை கட்டினால் ஆயுளுக்கும் 2 டிபி கிளவுட் இடம் கிடைக்கும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 25,000 ரூபாயை 6.5 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் வருடம் 1,625 ரூபாய் வரும். 20 சதவீத வரி போனாலும் 1,300 ரூபாய் மிஞ்சும். கூகுள் டிரைவுக்குக் கூடுதல் இடம் தரும் கூகுள் ஒன் பிளானில் 100 ஜிபிக்கு ஆண்டுக் கட்டணமே 1,300 ரூபாய்தான் (மாதாமாதம் கட்டினால் 130 வீதம் 1,560, கட்டும் முன் அன்றைய விலையைப் பாருங்கள்). வட்டியிலேயே வேலை முடிகிறது, அசல் உங்களிடமே இருக்கிறது. 'ஆயுள்' என்பதும் அந்த நிறுவனம் கடையை மூடும் வரைதான்.

இடத்தின் அளவு உங்கள் பிரச்சினையே இல்லை. மேலே வேறொன்றை சேவ் செய்தபின் பழைய பதிப்பு எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி. கூகுள் டிரைவில் எக்செல், பிடிஎஃப் போன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகள் 30 நாள் கழிந்தாலோ, 100 பதிப்பைத் தாண்டினாலோ நீக்கப்படலாம். இந்த 100-ஐப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ஷீட்டை நாளுக்கு 20 முறை சேவ் செய்தால் ஐந்தே வேலை நாளில் கணக்கு தீர்ந்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்புகள் மட்டுமே. டிராப்பாக்ஸ் பிளஸில் 30 நாள். ஆனால் வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டால் ஒன்டிரைவ் கைகொடுக்கும்: மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், கடந்த 30 நாளில் ஒரு தேதிக்கு மொத்தத்தையும் திருப்பலாம்.

இதில் எதுவும் ஜிஎஸ்டி சட்டம் கேட்கும் காலத்துக்குப் போதாது. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் 31 வரை. அதனால் 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஃபைல் செய்து முடித்ததும் கூகுள் டிரைவில் அந்த மாத ஷீட்டை வலது கிளிக் செய்து 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' போய், மூன்று புள்ளியில் 'கீப் ஃபாரெவர்' கொடுங்கள். ஒரு ஃபைலுக்கு இப்படி 200 பதிப்பு வரை வைக்கலாம். இப்படிக் குறித்த பதிப்புகள் உங்கள் இடத்தில் கணக்காகும், மற்ற பழைய பதிப்புகள் ஆகாது.

உதவியாளர்களிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அவரவர் ஜிமெயிலுக்கு எடிட் உரிமை தந்தால், யார் மாற்றினார் என்பது தெரியும். ஒரு வில்லங்கம் உண்டு: ஷேர் செய்த ஃபோல்டரில் உதவியாளர் புதிதாக ஏற்றும் ஃபைலுக்கு அவர்தான் உரிமையாளர், இடமும் அவருடைய இலவச 15 ஜிபியில்தான் குறையும். வேலையை விட்டுப் போய் அவர் கணக்கை மூடினால் ஃபைலும் போகும். புது ஃபைலை எப்போதும் அலுவலகக் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் மாற்றி சேவ் செய்வதும் கூடாது. வேறு பெயரில் சேவ் செய்தால் அது வேறு ஃபைல், பழைய பதிப்புகளின் வரலாறு அறுந்துவிடும்.

டேலி டேட்டா ஃபோல்டரை அப்படியே சிங்க் செய்யாதீர்கள். டேலி திறந்திருக்கும்போது சில ஃபைல் புதிதும் சில பழையதுமாக ஏறலாம், பிறகு டேலியில் அந்தக் கம்பெனியின் கணக்கே திறக்காமல் போகலாம். டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள்.

தனியாக ஒரு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டும்.

கட்டணத்துக்கு வைத்த கார்டு காலாவதி ஆகும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போகாமல் பிளான் நின்றால் மறுபடி 15 ஜிபிதான். அதைத் தாண்டி 40 ஜிபி இருக்கும்போது ஃபைல் ஏற்ற முடியாது, அந்தக் கணக்கின் ஜிமெயிலுக்கு மெயிலும் வராது.