நிலக்கரிச் சுரங்கமும் மேசைக் கணினியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிறிய திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 40 ஆய்வுத் துளைகளின் விவரம் எக்செல்லில் உள்ளது. சாதாரணக் கணினியிலேயே நிலக்கரி, மேல்மண் அளவுகளைக் கணக்கிடலாமா? முயன்றபோது சில இடங்களில் நிலக்கரி அடுக்கின் கூரை (மேல்பரப்பு), அதன் தளத்துக்கும் (அடிப்பரப்பு) கீழே போய்விட்டது. ஏன்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். 2 கி.மீ. நீளம், 1.5 கி.மீ. அகலமுள்ள பரப்பை 25 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 4,800 கட்டங்கள்தான். எந்தக் கணினிக்கும் அது சுமையல்ல. தரவில்தான் வில்லங்கம்.

கூரையையும் தளத்தையும் தனித்தனியே வரைந்திருப்பீர்கள். துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியை மென்பொருள் ஊகிப்பதால், அடுக்கு மெலியும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தளத்தை மட்டும் வரையுங்கள். தடிமனுக்குத் தனிப் பரப்பு போட்டு, அதில் 0-க்குக் கீழே போனவற்றை 0 ஆக்கித் தளத்தோடு கூட்டுங்கள். கூரை கிடைத்துவிடும்.

அடுக்கே இல்லாத துளைக்குத் தடிமன் 0. அடுக்கை எட்டாமலே நின்றுபோன துளைக்கு எதுவும் எழுதக்கூடாது. இது மாறினால் இருக்கும் நிலக்கரி மறையும், இல்லாதது முளைக்கும். கோப்பை மாற்றும்போது காலி இடங்கள் தாமாகவே 0 ஆகிவிடுவதும் உண்டு, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிலப்பிளவு இருந்தால் இருபுறத்தையும் தனித்தனியே வரையுங்கள். இல்லையேல் 10 மீட்டர் செங்குத்து இறக்கம்கூட இதமான சரிவாகிவிடும். அதை நம்பிப் போட்ட பெஞ்சுகள் (சுரங்கத்தில் படிபடியாக வெட்டும் தட்டுகள்) எல்லாம் பிசகும்.

இனி கணக்கு. ஒரு கட்டம் 625 ச.மீ.; தடிமன் 3.2 மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 டன் என்றால் 2,800 டன். மேலே 22 மீ. மண் இருந்தால் 13,750 கன மீட்டர். ஆக, ஒரு டன்னுக்கு 4.9 கன மீட்டர் மண் அகற்ற வேண்டும். இங்கே எடுக்க வேண்டியது செங்குத்துத் தடிமன். 30 பாகை சாய்ந்த அடுக்கில், சாய்வுக்குத் திருத்திய தடிமனை (அடுக்குக்குச் செங்குத்தாக அளந்ததை) தரைப்பரப்பால் பெருக்கினால் 13 சதவீதம் நிலக்கரி காணாமல் போகும்.

கேள்வி: முப்பரிமாணப் படத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் நடுங்குகின்றன. கணினி பழையது என்பதாலா?

பதில்: இல்லை. ஆயத்தொலைவுகள் மிகப் பெரியவை. 32 பிட் எண்ணில் 12,34,567 மீட்டர் போன்ற மதிப்பு 12.5 செ.மீ. தாவல்களாகத்தான் பதிவாகும். எல்லாப் புள்ளிகளிலும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டு வரையுங்கள். கழித்த எண்ணை மறக்காமல் படத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: பழைய நிலத்தடிச் சுரங்கத்தின் காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து புதிய திட்டத்தின் மேல் பொருத்துவது எப்படி?

பதில்: காகிதம் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவில் சுருங்காது. எனவே வெறுமனே அளவை மாற்றிப் பொருத்தாதீர்கள். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில், இரு திசைகளிலும் வெவ்வேறு அளவில் நீட்டிப் பொருத்தும் ‘பாலினோமியல் 1’ முறை இதற்குப் போதும். பழைய படத்திலும் புதிய திட்டத்திலும் இடம் தெரிந்த 3 புள்ளிகளிலேயே பொருந்திவிடும். ஆனால் 3 புள்ளிகள் மட்டும் என்றால் பிழை எப்போதும் பூச்சியம் என்றே காட்டும். 6 முதல் 8 புள்ளிகள் கொடுத்தால்தான் உண்மைப் பிழை தெரியும்.

அதைவிட முக்கியம், அது கடைசி வரைபடம்தானா என்பது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குவெக்ரீக் சுரங்கத் தொழிலாளர்கள் அருகிலிருந்த கைவிடப்பட்ட சுரங்கத்தை உடைத்துவிட, வெள்ளம் புகுந்து 9 பேர் சிக்கினர். பழைய சுரங்கத்தின் இறுதி வரைபடம் அவர்களிடம் இல்லை. 9 பேரும் மீட்கப்பட்டனர். தேதியில்லாத படமானால், முன்னோக்கித் துளையிட்டு உறுதிசெய்யும்வரை அதன் எல்லையைப் புள்ளிக்கோடாகவே வையுங்கள்.