டோசியரும் கேஸ் கட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற கட்டுரையில் 'உளவுத்துறை அவரைப் பற்றி ஒரு டோசியர் தயாரித்திருந்தது' என்று எழுதியிருந்தீர்கள். கோப்பு என்று நல்ல சொல் இருக்க, இது எதற்கு? என் பேரன், அது இங்கிலீஷே இல்லை, பிரெஞ்சு என்கிறான். நான் குழித்துறை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபைல் எடு, கட்டு எடு என்பார்கள். டோசியர் எடு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. எல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா?

ஒரு வாசகர், குழித்துறை

அன்புள்ள நண்பருக்கு,

பேரன் சொன்னது சரி. பிரெஞ்சில் அதைக் கிட்டத்தட்ட 'தொசியே' என்பார்கள். 'தோ' என்றால் முதுகு. காகிதக் கட்டின் முதுகில் இன்ன விஷயம் என்று எழுதி வைப்பார்கள். அதுவே கட்டுக்குப் பெயராகிவிட்டது. நாற்காலியில் முதுகு சாய்கிற பகுதிக்கும் அங்கே இதே பெயர்தான்.

இதை உங்களுக்கா விளக்க வேண்டும்? மனுவை நீளவாக்கில் மடித்து, வெளியே தெரிகிற டாக்கெட் ஷீட்டில் கோர்ட் பெயர், வழக்கு நம்பர், வாதி, பிரதிவாதி, கீழே வக்கீல் பெயர் என்று எழுதி, நூலால் கட்டி அலமாரியில் அடுக்கியவர் நீங்கள். வாய்தா அன்று காலையில் அத்தனை கட்டுக்கு நடுவில் ஒன்றை உருவ, எதையும் பிரிக்க வேண்டியதில்லை. முதுகைப் பார்த்தால் போதும். ஆக, தொசியேயை நீங்கள் தினமும் தூக்கிச் சுமந்திருக்கிறீர்கள். (ஃபைல் என்பதும் பிரெஞ்சு நூலிலிருந்து வந்ததுதான், காகிதங்களை நூலில் கோத்து வைத்த பழக்கம். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்த நாம் கோப்பு என்கிறோம்.)

அப்புறம் இந்தச் சொல் ஊர் ஊராகப் போனது. துருக்கியில் தோஸ்யா, கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் அதுதான். ருமேனியாவில் தோசார், ரஷ்யாவில் தொஸ்யே. பிரான்ஸில் கல்லூரியில் சேரவும் ஒரு தொசியே, ஆஸ்பத்திரியிலும் ஒரு தொசியே. அங்கே யாரும் அதைக் கேட்டு மிரள்வதில்லை.

மிரட்டல் சேர்ந்தது இங்கிலீஷில். 1880 வாக்கில் அவர்கள் இதை எடுத்துக்கொண்டபோது சாதாரண வேலைக்கு ஃபைல் ஏற்கெனவே இருந்தது. அதனால் புதிதாக வந்தவருக்குச் சந்தேக வேலை கிடைத்தது. பிரான்ஸிலேயே 1894-ல் ட்ரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியை ராணுவ நீதிமன்றம் தண்டித்தபோது, நீதிபதிகளுக்கு ஒரு ரகசிய தொசியே காட்டப்பட்டது. ட்ரைஃபஸின் வக்கீல் கண்ணில் அது படவே இல்லை. 2002 செப்டம்பரில் ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி பிரிட்டிஷ் அரசு வெளியிட்டதும் டோசியர்தான். 45 நிமிஷத்தில் ஏவிவிடலாம் என்று அதில் இருந்தது. ஆயுதம்தான் கடைசிவரை அகப்படவில்லை. மும்பைத் தாக்குதல் பற்றி 2009 ஜனவரி 5 அன்று இந்தியா பாகிஸ்தானிடம் கொடுத்ததையும் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின.

கோப்பு வேறு மாதிரி. ஆபீஸில் ஒரு மனு வந்தால் நம்பர் போட்டுத் திறப்பார்கள். குறிப்பின் மேல் குறிப்பாக அது தானே பெருக்கும். யாருக்கும் அதில் தனி அக்கறை இருக்க வேண்டியதில்லை. டோசியருக்கு, இதை நிரூபித்தே தீருவது என்று கிளம்பிய ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் பக்கத்து எல்லைத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையைத் தாண்டிக் கொஞ்சம் நிலம், இந்தப் பக்கம் கொஞ்சம். கொல்லம் ஆண்டு 1090-ல் (1914-15) மலையாளத்தில் எழுதிய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாளில். அதற்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு. கரம் கட்டிய ரசீதுகள். 1956 நவம்பரில் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு வாங்கிய பட்டா, வில்லங்கச் சான்று. அந்தப் பக்கத்து நிலத்துக்கு நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸுக்குப் போய் போக்குவரவு (கேரளத்தில் பட்டா பெயர் மாற்றத்துக்கு அதுதான் பெயர்) விவரம். எந்த ஆபீஸும் இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்காது. கட்சிக்காரரும் குமாஸ்தாவும் இரண்டு மாநிலத்துப் படியேறிச் சேர்க்க வேண்டும். அதிலும் தன் தரப்புக்கு உதவுவது மட்டும்தான் கட்டுக்குள் போகும். உதவாதது வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடும். டோசியரின் குணம் அதுவேதான். எதிர்த்தரப்புக் கட்டையும் பார்க்காமல் நம்பக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாததா?

உளவுத்துறை விஷயத்தில் நான் டோசியர் என்றே எழுதியது அதனால்தான். கோப்பு என்றால் யாரோ நடுநிலையாகப் பராமரித்த பதிவேடு மாதிரி ஆகிவிடும். 'கட்டு' இன்னும் பொருத்தம், ஆனால் கோர்ட் வாசலைத் தாண்டினால் அது வெற்றிலைக் கட்டா விறகுக் கட்டா என்று கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் டோசியர் என்கிற இப்போதைய டிவி வழக்கம் எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு தலைவர் கலெக்டரிடம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அது மனு. மனு என்றே சொல்லலாம்.