கர்ப்ப காலத்தில் ஃப்ளூவும் கொரோனாவும்: மகப்பேறு மருத்துவரிடம் கேள்வி பதில்

அனைவருக்கும் வணக்கம். நான் மகப்பேறு மருத்துவர். சிக்கலான கர்ப்பங்களைக் கவனிப்பதே என் அன்றாட வேலை. ஃப்ளூ, கொரோனா போன்ற சுவாச வைரஸ்கள் தாயையும் நஞ்சுக்கொடியையும் (பிளாசென்டா) என்ன செய்கின்றன என்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். தைராய்டு, சர்க்கரை, டெங்கு குறித்துக் கேட்டவர்கள் தங்கள் மருத்துவரை நேரில் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (திருச்சி, 5 மாதம்): டாக்டர், ஃப்ளூ காய்ச்சல் எல்லோருக்கும் வருகிறது. கர்ப்பிணிகளை மட்டும் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுவதாலா?

பதில்: எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்பதைவிட அதன் போக்கு மாறுகிறது என்பதே சரி. அதைவிட முக்கியமான காரணம் மார்புக்கூட்டில் இருக்கிறது. வளரும் கர்ப்பப்பை உதரவிதானத்தை ஏறக்குறைய 4 செ.மீ. மேலே தள்ளுவதால், மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் எஞ்சியிருக்க வேண்டிய காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் உடலின் ஆக்சிஜன் தேவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவும் கூடிய குடும்பத்தைப் போன்ற நிலை இது. நிமோனியா வந்தால் மற்றவர்கள் இரண்டு நாள் தாங்குவதைக் கர்ப்பிணியால் சில மணி நேரம்கூடத் தாங்க முடியாமல் போகலாம்.

இதில் மருத்துவமனைகளிலேயே தவறவிடப்படும் ஒரு விஷயம் உண்டு. கர்ப்பிணி இயல்பாகவே ஆழ்ந்து மூச்சு விடுவதால் அவர் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு 28 முதல் 32 வரைதான் இருக்கும். மூச்சுத் திணறலோடு வந்தவரின் இரத்த வாயுப் பரிசோதனையில் அது 40 என்று வந்தால், தாளில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்தப் பெண்ணின் மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டிருக்கின்றன.

1918ஆம் ஆண்டு ஃப்ளூப் பெருந்தொற்றின்போது அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் திரட்டிய 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நிமோனியா வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 ஃப்ளூ பரவியபோது அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு சதவீதமாக மட்டுமே இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் 5 சதவீதமாக இருந்தார்கள். உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, 9 வாரம்): மேடம், காய்ச்சலுக்கு டோலோ 650 போடலாமா? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

பதில்: போடலாம். ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் நான்கு மாத்திரைக்கு மேற்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களில் கடுமையான காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதற்கும் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை சார்ந்த குறைபாடுகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆகவே மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. ஆனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகப் போடக் கூடாது. குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடியவை.

எல்லோருக்குமாக ஒன்று சொல்கிறேன்: கர்ப்பம் என்று சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் எந்தக் காய்ச்சல் மருந்தும் வாங்காதீர்கள். கொரோனாக் காலத்தில் நம் நாட்டில் தாராளமாக எழுதித் தரப்பட்ட ஃபேவிபிராவிர் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து; மோல்னுபிராவிரும் அப்படியே.

கேள்வி (தஞ்சாவூர், கணவர் எழுதுகிறார்): மனைவிக்கு 30 வாரம். எச்1என்1 உறுதியாகி, டாக்டர் ஓசெல்டாமிவிர் என்னும் ஃப்ளூ மருந்தை எழுதிக் கொடுத்தார். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று என் அம்மா தடுக்கிறார். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாள் ஆகிறது.

பதில்: தம்பி, இதைப் படித்தவுடன் முதல் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். 75 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள்; உங்கள் டாக்டர் எழுதியதும் இதுவாகத்தான் இருக்கும். 2009இன் அமெரிக்க விவரங்களின்படி, அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டால், நான்கு நாளுக்குப் பிறகு தொடங்கியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன விகிதம் ஆறு மடங்கு அதிகம். மருந்தால் குழந்தைக்கு ஊனம் வந்ததாகச் சான்று இல்லை. உங்கள் அம்மாவின் பயம் பாசத்தில் வருவது. அவரிடம் கோபப்படாமல், வேண்டுமானால் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். மாத்திரையைத் தொடங்கிவிட்டாலும் மூச்சு வாங்கினால் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில், ஆய்வகத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்): டாக்டர், தாயைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கொரோனா நஞ்சுக்கொடியைத் தாக்குகிறது என்பது மிகைப்படுத்தல் அல்லவா? அந்த வைரஸ் நுழையத் தேவையான ஏ.சி.இ.2, டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்னும் புரதங்கள் இரண்டும் நஞ்சுக்கொடியின் ஒரே செல்லில் சேர்ந்து இருப்பது அரிது. தாய்க்கு ஆக்சிஜன் குறைந்ததால்தான் குழந்தைகள் இறந்திருக்க வேண்டும்.

பதில்: ஐயா, நல்ல கேள்வி. நீங்கள் சொல்லும் செல் விவரம் சரி. தாயிடமிருந்து கருவுக்குக் கொரோனா அரிதாகவே தொற்றுவதற்கு அது ஒரு விளக்கம். ஆனால் தாய்க்கு ஆக்சிஜன் குறைந்தது மட்டுமே காரணம் என்றால், மிக மோசமாக நோயுற்ற தாய்மார்களின் குழந்தைகள்தான் இறந்திருக்க வேண்டும். நடந்தது அப்படி அல்ல. 2021இன் தொடக்கத்தில் அயர்லாந்து மருத்துவர்கள் முதலில் எச்சரித்த மரணங்களிலும் பிறகு பல நாடுகளில் பதிவானவற்றிலும், தாய்மார்கள் பலருக்கு லேசான காய்ச்சல்தான் இருந்தது. சிலருக்கு அறிகுறியே இல்லை.

அந்த நஞ்சுக்கொடிகளை வெட்டிப் பார்த்தபோது, சிவந்து மிருதுவாக இருக்க வேண்டிய திசு வெளிறிக் கெட்டியாகிக் கிடந்தது. தாயின் இரத்தம் ஓடிப் பாய வேண்டிய இடைவெளிகளை ஃபைப்ரின் என்னும் உறைபொருள் அடைத்திருந்தது. அழற்சி செல்கள் அங்கே குவிந்திருந்தன. இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் மேலுறைச் செல்கள் செத்திருந்தன. 12 நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 68 குழந்தை மரணங்களை நோயியல் வல்லுநர்கள் 2022இல் ஆராய்ந்து வெளியிட்டபோது, நஞ்சுக்கொடியில் சராசரியாக 77.7 சதவீதம் செயலிழந்திருந்தது தெரியவந்தது. தாயின் நுரையீரல் நன்றாக இருந்தும் குழந்தைக்கு மூச்சு போய்ச் சேரவில்லை.

அவரே மீண்டும்: அந்த 68ம் இறந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தவைதானே? நோய் வந்தும் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களின் நஞ்சுக்கொடியை யார் எண்ணினார்கள்?

பதில்: சரியான ஆட்சேபம். அந்த ஆய்வு குழந்தைகள் எப்படி இறந்தன என்பதைச் சொல்கிறது. எத்தனை பேருக்கு இது நேரும் என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு கணக்கு வேண்டும். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை மருத்துவமனைகளில் நடந்த சுமார் 12 லட்சம் பிரசவங்களில், கொரோனா உறுதியான தாய்மார்களிடம் குழந்தை இறந்து பிறந்தது 1.26 சதவீதம், மற்றவர்களிடம் 0.64 சதவீதம். டெல்டா என்னும் உருமாறிய கொரோனா பரவுவதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்த ஆபத்து, டெல்டாக் காலத்தில் நான்கு மடங்கானது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் நல்லபடியாகவே பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. ஆபத்து அரிது, ஆனால் மெய்.

இடையில் மதுரையிலிருந்து ஒரு செவிலியர்: அந்த 68 தாய்மார்களில் எவரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அப்போது பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியே கொடுக்கவில்லையே, டாக்டர்? நம் ஊரில் 2021 ஜூலையில்தானே அனுமதித்தார்கள்?

பதில்: உண்மைதான் சிஸ்டர். அந்த ஒரு விவரத்தை மட்டும் வைத்துத் தடுப்பூசியின் பலனை நிறுவ முடியாது. ஸ்காட்லாந்தின் கணக்கு அதைவிட உறுதியானது: அங்கே தடுப்பூசி கிடைத்த காலத்தில், கொரோனாவால் தீவிர சிகிச்சைக்குப் போன கர்ப்பிணிகளில் 98 சதவீதம் பேர் ஊசி போடாதவர்கள்; நோயை ஒட்டி நிகழ்ந்த சிசு மரணங்கள் அனைத்தும் ஊசி போடாத தாய்மார்களிடமே. நம் நாட்டிலும் ஐ.சி.எம்.ஆர். பதிவேட்டின்படி, கொரோனா வந்த கர்ப்பிணிகள், பிரசவித்தவர்களிடையே இறப்பு முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். அனுமதி சில மாதம் முன்னதாக வந்திருந்தால் எத்தனை தாய்மார்கள் இன்று இருந்திருப்பார்கள் என்ற வேதனை உங்களைப் போலவே எனக்கும் உண்டு.

கேள்வி (வேலூர்): ஃப்ளூவும் இதுபோல நஞ்சுக்கொடியை அழிக்குமா?

பதில்: இப்படி அல்ல. ஃப்ளூ வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடப்பது மிக அரிது. ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் கர்ப்பமான சுண்டெலிகளில் கண்டது கவனிக்கத்தக்கது: ஃப்ளூ வைரஸ் நுரையீரலோடு நிற்காமல் தாயின் பெருந்தமனிச் சுவருக்குள் போய் அங்கே அழற்சியை மூட்டியது, அதனால் கருவின் வளர்ச்சி குன்றியது. மனிதர்களிடம் கடும் ஃப்ளூவுக்குப் பின் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் அதிகமாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு இரத்தக் கொதிப்புக் கோளாறான ப்ரீஎக்லாம்ப்சியா கூடுவதாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் குழந்தை அசைவைக் கவனியுங்கள், பி.பி. பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அசைவு குறைந்தால் அடுத்த செக்கப் தேதிவரை பொறுத்திருக்கக் கூடாது.

கேள்வி (சேலம், 3 மாதம்): டோலோ போடலாமா மேடம்?

பதில்: மேலே ஈரோட்டுச் சகோதரிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (விருதுநகர்): நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் குடிக்கலாமா?

பதில்: கர்ப்பத்தில் நீங்களாகக் குடிக்க வேண்டாம். சித்த மருத்துவர் உங்களை நேரில் பார்த்து, மாதத்தைக் கேட்டறிந்து, அதன்பின் சொன்னால் அது அவர் பொறுப்பு.

கேள்வி (திண்டுக்கல், 6 மாதம்): மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல், எடையும் கூடவில்லை. இது ஃப்ளூதானே?

பதில்: மூன்று வாரம் நீடிக்கும் இருமலை ஃப்ளூ என்று விட்டுவிட முடியாது. நாளையே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (கடலூர்): 5 மாதம். டோலோ 650 ஒத்துக்கொள்ளுமா? கூடவே கடையில் ஒரு சளி மாத்திரையும் கொடுத்தார்கள்.

பதில்: டோலோ பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது, கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சளி மாத்திரையை நிறுத்துங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கர்ப்பம் என்று கடையில் சொன்னீர்களா?

கேள்வி (சென்னை, 24 வாரம்): ஃப்ளூ தடுப்பூசி எப்போது போட வேண்டும்? குழந்தைக்கும் பலன் உண்டா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் எந்த மாதத்திலும் போடலாம் என்கிறது, இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சி 26 வாரம் முதல் பரிந்துரைக்கிறது. செயலிழக்கச் செய்த வைரஸ் கொண்ட ஊசிதான் போட வேண்டும். உயிருள்ள வைரஸ் கொண்ட மூக்குச் சொட்டு வகை கூடாது. சென்னை, வேலூர்ப் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுவதால், மழைக்கு முன் போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைக்கும் பலன் உண்டு. வங்கதேசத்தில் 340 தாய்மார்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. ஆறு மாதத்துக்குக் கீழ் குழந்தைக்கே ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், நஞ்சுக்கொடி வழியாக நீங்கள் கொடுக்கும் எதிர்ப்புப் புரதமே அதற்குக் காவல்.

கேள்வி (புதுச்சேரி): காய்ச்சல் இருக்கும்போது தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டும். முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி (கோவை): 2021 மே மாதம் கொரோனா வந்து இரண்டு வாரத்தில், எட்டாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. இப்போது மறுபடி கர்ப்பமாக இருக்கிறேன். திரும்பவும் அப்படி நடக்குமா டாக்டர்?

பதில்: உங்கள் இழப்புக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அம்மா. நீங்கள் ஏதோ செய்ததாலோ செய்யத் தவறியதாலோ அது நடக்கவில்லை.

அப்போது நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று தேடிப் பாருங்கள். கொரோனாவால் வந்த அழற்சி என்றால் அது அந்தத் தொற்றோடு முடிந்தது. புதிதாகத் தொற்று வராதவரை திரும்ப வரும் என்று பயப்படக் காரணமில்லை. ஆனால் கொரோனாத் தொற்றின் அடையாளம் இல்லாமல், நாட்பட்ட ஹிஸ்டியோசைட்டிக் இன்டர்வில்லோசைட்டிஸ் (நஞ்சுக்கொடியில் அழற்சி செல்கள் குவியும் நோய்) என்று மட்டும் அறிக்கையில் இருந்தால் கவனம் தேவை. நுண்ணோக்கியில் கொரோனா அழற்சியை ஓரளவு ஒத்துத் தெரிந்தாலும், அப்படித் தனியாக வரும் அந்த நோய்க்கு வைரஸ் காரணமல்ல. அடுத்தடுத்த கர்ப்பங்களில் திரும்ப வரும் வழக்கம் அதற்கு உண்டு. அறிக்கை கிடைக்காவிட்டால், மருத்துவமனையில் மெழுகுக் கட்டிகளாகத் திசுவைச் சேமித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் மறுபடி வெட்டிப் பார்க்கலாம். எதுவானாலும், இந்த முறை குழந்தையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தையும் ஸ்கேனில் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நாமக்கல், 34 வாரம்): நேற்றிலிருந்து காய்ச்சல். வீட்டில் ஆக்சிஜன் பார்த்தால் 93 காட்டுகிறது. மூச்சு பெரிதாக வாங்கவில்லை. வளைகாப்புக்குப் போட்ட கருமருதாணி விரலில் இருக்கிறது, அதனால் தவறாகக் காட்டுகிறதோ என்னவோ. காலையில் போகலாமா?

பதில்: காலைவரை காத்திருக்க வேண்டாம். கருமருதாணி அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பது உண்மைதான். மருதாணி படாத காது மடலிலோ கால் விரலிலோ ஒருமுறை பாருங்கள். ஆனால் கர்ப்பிணிக்கு 95க்குக் குறைந்தால் மூச்சு வாங்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போதே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்து இருங்கள். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) உள்ள அட்டையையும் கடைசி ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும், 34 வாரம், காய்ச்சல், ஆக்சிஜன் 93 என்ற மூன்றையும் முதலில் பார்க்கும் ஆளிடமே சொல்லிவிடுங்கள்.