வண்டியில அடிபட்ட பூனை: சந்தேகம் கேளுங்க, பதில் சொல்றேன்

நான் கால்நடை டாக்டர். வண்டியில அடிபட்டு வர்ற பூனைங்க நிறைய பாக்குறேன், லேட்டா கொண்டு வந்ததாலயே போன உயிருங்களும் நிறைய. அதான் கேக்க சொல்றேன்.

கேள்வி: அக்கா, நேத்து நைட்டு எங்க பூனைய பைக் இடிச்சு உருண்டுச்சு, ஆனா எழுந்து ஓடி வந்துருச்சு. ரத்தம் எதுவும் இல்ல, கட்டிலுக்கு அடியிலயே படுத்திருக்கு. டாக்டர்கிட்ட போகணுமா?

பதில்: இப்பவே கிளம்புங்கம்மா. அது ஓடி வந்தது பயத்துல. பூனை வலிய வெளிய காட்டாது, போய் ஒளிஞ்சுக்கும். நுரையீரல்ல ரத்தம் கட்டியிருந்தா மூச்சுத்திணறல் அடுத்த 24 மணி நேரத்துலகூட ஏறும், நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை (உதரவிதானம்) கிழிஞ்சு குடலும் ஈரலும் நெஞ்சுக்குள்ள போயிருக்கலாம், மூத்திரப்பை உடைஞ்சிருக்கலாம், இதுக்கெல்லாம் வெளிய ஒரு கீறல்கூட இருக்காது. ஈறு வெளுத்திருக்கா, பாதம் ஜில்லுனு இருக்கா பாருங்க. சும்மா படுத்திருக்கும்போது மூச்சு நிமிஷத்துக்கு 30க்குள்ள இருக்கணும், 40 தாண்டினாலோ வாய தொறந்து மூச்சு விட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. நகமும் பாருங்க, ரோட்ல பிராண்டியிருந்தா பிசிறு பிசிறா இருக்கும். அடிபட்டத யாரும் பாக்கலன்னா நாங்க முதல்ல தேடுறது அதத்தான்.

கேள்வி: தொட்டாலே கடிக்குது, எப்படி தூக்குறது?

பதில்: வலியில கடிக்குது பாவம். பெரிய டவல மேல போட்டு, உடம்ப வளைக்காம ஒரு பலகையிலயோ கெட்டி அட்டையிலயோ மெதுவா நகத்துங்க. பூனைய தூக்கிட்டுப் போற கூடை (கேரியர்) இருந்தா மேல் மூடிய கழட்டி இறக்குங்க. வாய கட்டாதீங்க. ரத்தம் வர்ற இடத்துல துணிய வச்சு அழுத்திட்டே வாங்க. சாப்பாடு தண்ணி எதுவும் வேணாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

கேள்வி: வலிக்கு பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! கால் மாத்திரைகூட பூனைய கொன்னுடும். அத உடைக்கிற சக்தி பூனை ஈரலுக்கு ரொம்ப கம்மி, ரத்தத்தால ஆக்சிஜன தூக்க முடியாம போயிடும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஏற்கனவே கொடுத்திருந்தா மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க, விஷமுறிவு மருந்து இருக்கு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபெனும் நீங்களா கொடுக்காதீங்க.

கேள்வி: டாக்டர், எங்க பூனைப் பையனுக்கு அடிபட்டதுல இருந்து வால் அப்படியே தொங்குது, மூத்திரம் தானா சொட்டுது. இனி சரியாகாதுன்னு சொல்றாங்க. கருணைக்கொலைதானா?

பதில்: அவசரப்படாதீங்க. வால் மேல சக்கரம் ஏறும்போது பூனை மிரண்டு முன்னாடி பாயும், அந்த இழுப்புல முதுகெலும்பு முடியுற இடத்துல நரம்பு அடிபடும். வாலுக்கு போற நரம்புக்கு பக்கத்துலயே மூத்திரப்பை, ஆசனவாய்க்கு போற நரம்பும் இருக்கு. வால் அடியில கிள்ளினா உணர்வு இருக்கான்னு டாக்டர பாக்க சொல்லுங்க, இருந்தா பெரும்பாலும் தேறிடும். இல்லன்னாலும் ஒரு மாசம் வரைக்கும் பொறுத்து பாக்கலாம். சொட்டுதுன்னா பை நிரம்பி வழியுதுன்னு அர்த்தம், அதனால தினம் ரெண்டு மூணு தடவ கையால அழுத்தி காலி பண்ணணும், டாக்டர் முன்னாடி செஞ்சு கத்துக்கோங்க. வால எடுக்க வேண்டி வந்தாலும் வாலில்லாம பூனை நல்லாவே ஏறும் குதிக்கும்.

கேள்வி: இடுப்பெலும்பு உடைஞ்சு ஆறு வாரம் கூண்டுல வைக்க சொன்னாங்க, மூணாவது வாரமே நல்லா நடக்குது, கத்துது. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. வலி குறைஞ்சிருக்கு, எலும்பு இன்னும் கூடல. ஒரு தாவுல திரும்ப விலகும். தினம் மலம் போகுதான்னும் கவனிங்க, இடுப்பு குறுகி ஒட்டினா பின்னாடி மலச்சிக்கல் வரும்.

கேள்வி: குடும்பக்கட்டுப்பாடு பண்ணா ரோட்டுக்கு போகாதா அக்கா?

பதில்: சுத்துறது குறையும். அடிபடுறதுல இளவயசு ஆண் பூனைங்கதான் ஜாஸ்தி, அதுவும் ராத்திரிலதான். இருட்டுறதுக்குள்ள சாப்பாடு வச்சு உள்ள கூப்பிட்டு கதவ சாத்திடுங்க, ஒரே நேரத்துல வச்சா பழகிடும்.

கேள்வி: ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாளா சாப்பிடல, பசிச்சா தானா சாப்பிடும்ல?

பதில்: சாப்பிடாது, காத்திருக்காதீங்க. ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலே ஈரல்ல கொழுப்பு சேர ஆரம்பிக்கும், குண்டு பூனைன்னா இன்னும் ஆபத்து. இன்னைக்கே திரும்ப கூட்டிட்டு போங்க, மூக்கு வழியா ட்யூப் போட்டு ஊட்டலாம்.